சார்ஜ் எடுக்க வரவேண்டியவன்

செல்வா,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ வழக்கம்போல இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். நான் வழக்கம்போலத் தமிழில்தான் பதில் எழுதுகிறேன். இங்கே டெல்லியில் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஐந்தாம் வகுப்போடு உன்னை எடுத்து வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் போட்டோம். அதற்குப் பிறகு நீ தமிழைக் கையில் எடுத்ததெல்லாம் எங்கள் கடிதங்களை வாசிக்கத்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, இந்தக் கடிதத்தை அப்படி வாசிப்பதுதான் நல்லது. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காதே. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, அன்றைக்கு ஒரு டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாசி.

கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். லீவு கேட்டால் கிடைக்கும், ஆனால் நான் வந்து என்ன செய்யப் போகிறேன் அப்பா, டாக்டரே செய்வதற்கு ஒன்றும் இல்லை என்கிறாரே என்று. வாசித்ததும் சுருக்கென்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன், கோபப்பட என்ன இருக்கிறது? நீ எஞ்சினியர். ஒரு மிஷின் நின்றுபோனால் எதைக் கழற்றி எதை மாட்டவேண்டும் என்று பார்க்கிறவன். இங்கே கழற்றவும் மாட்டவும் ஒன்றும் இல்லை. நான் மட்டும் என்ன செய்கிறேன்? ஹோலி கழிந்த வாரம் உன் அம்மா குளியலறை வாசலில் விழுந்தாள். அன்றிலிருந்து, சேர்த்து வைத்த லீவையெல்லாம் போட்டுவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். மழைக்காலம் போய்விட்டது, தீபாவளி வெடிச் சத்தம் போய்விட்டது, குளிருக்குப் போர்த்துகிற ரஜாயை வெயிலில் காயப்போடுகிற காலம் வந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருப்பதையே விதவிதமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

நீ ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனபோது எப்படி இருந்தாளோ அப்படியேதான் இருக்கிறாள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறதா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்கிறார். புரிகிறது என்று நான் சொல்கிறேன். நான் படுக்கை விரிப்பை மாற்றும்போது அவள் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் நீயும் அதைத்தான் சொல்வாய். ஆளை எழுப்பாமல், ஆளுக்குத் தெரியாமல் விரிப்பை மாற்றிவிடுகிற நர்ஸ் அவள். நான் மாற்றினால் ஒரு பக்கம் சுருண்டு, தலையணை கீழே விழுந்து, கடைசியில் அவள் கையே அடியில் மாட்டிக்கொள்ளும். காலையில் பின்பக்க ஜுக்கிக் குடிசைகளிலிருந்து பச்சையம்மா வருகிறாள், விழுப்புரத்துக்காரி. “தள்ளிக்கோங்க சார், உங்களுக்கு ஃபைலு தூக்கத்தான் தெரியும்” என்று என்னை விரட்டிவிட்டு ஒரு புரட்டில் வேலையை முடித்துவிடுகிறாள். அவள் அப்படிச் சொன்ன அன்றைக்கு அம்மா உதட்டின் இடது பக்கத்தால் சிரித்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. அவள் சிரித்தாளே என்று இருந்தது.

உனக்குக் கல்யாண வயது. அம்மா நன்றாக இருந்திருந்தால் இந்நேரம் பாளையங்கோட்டையிலிருந்து போட்டோக்கள் வரவழைத்திருப்பாள். நான் உனக்குக் குடும்பம் நடத்துவது பற்றிப் புத்தி சொல்ல வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நானும் உன் அம்மாவும் சேர்ந்து வாழ்ந்ததைவிட மாறி மாறி வாழ்ந்ததுதான் அதிகம். நான் அலுவலகம் போகும்போது அவள் டியூட்டி முடித்து வருவாள். நான் வரும்போது அவள் கிளம்புவாள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் கதவு இருக்கிறதே, எங்கள் தாம்பத்தியத்தில் பாதி அந்த நிலைப்படியில்தான் நடந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றும்போது ஒருவர் மாட்டிக்கொண்டிருப்போம். இதில் எங்கே பேசுவது, எங்கே சண்டை போடுவது? சண்டைக்கு ஆரம்பித்தால் பஸ் போய்விடும். அதனால் எங்கள் சண்டையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போய், கோயிலுக்குப் போய்ப் போதகர் பிரசங்கம் கேட்டு வந்ததில் பாதி மறந்துபோகும்.

அந்த நிலைப்படியில் எங்களுக்குக் கை கொடுத்தது அவள் வார்டு வழக்கம்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். டியூட்டி முடிந்த நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட முடியாது. அடுத்தவள் வந்ததும் இரண்டு பேரும் கட்டில் கட்டிலாகப் போகவேண்டும். இந்த ஆளுக்கு என்ன, எதைக் கொடுத்தாயிற்று, எதைக் கொடுக்கவேண்டும், எங்கே கவனம் வேண்டும் என்று தலையில் ஆரம்பித்துக் கால்வரை ஒவ்வொன்றாகச் சொல்வாள். வந்தவள் கேட்டுக்கொண்டு, “எடுத்தாச்சு, நீங்க போகலாம்” என்று அவரவர் பாஷையில் சொல்வாள். அதைச் சொல்கிறவரைக்கும் வார்டு போகிறவளின் பொறுப்பு. சார்ஜ் கொடுப்பது, சார்ஜ் எடுப்பது என்பார்கள். எடுக்க வருகிறவள் ரிலீவர். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அம்மா சாயங்காலம் கிளம்பும்போது என்னைப் பார்த்து ஒப்பிப்பாள்.

“பாலு காய்ச்சி வச்சிருக்கு. ஸ்டவ்வுல திரி சரியில்ல, புகையுது, மெதுவா ஏத்துங்க. பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, தலைக்குத் தண்ணி ஊத்திராதிய. சாயங்காலம் ரெண்டு தடவை தும்மிட்டான். எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு, நீ போ.”

காலையில் நான் ஒப்பிப்பேன், அவள் எடுத்துக்கொள்வாள். கொஞ்சுகிற வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் இல்லாத நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாமல் போனதே இல்லை. எனக்கும் அப்படித்தான். உனக்கு வருகிற பெண்ணிடம் நீ இதைச் செய்தால் போதும். வெளியே கிளம்பும்போது வாயைத் திறந்து, எது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. திரும்பி வந்ததும் கேட்டுக்கொள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

நீ பேச ஆரம்பித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாய். ஒருநாள் நான் பதில் சொல்வதற்கு முன்னால் நீ முந்திக்கொண்டு, கையை நெற்றியில் வைத்து, “எடுத்தாச்சு சிஸ்டர், நீங்க போலாம்” என்றாய். அவளுக்கு வந்த சிரிப்பைப் பார்க்கவேண்டுமே. பஸ் ஸ்டாப்வரை சிரித்துக்கொண்டே போனாள். அதிலிருந்து உன் வாயால் அதைக் கேட்காமல் அவள் படி இறங்குவதில்லை. நான் சொன்னால் செல்லாது. “என் ரிலீவர் சொல்லட்டும்” என்பாள்.

நீ கெட்டிக்காரன், அதிலிருக்கிற சூட்சுமத்தை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாய். குளிர்காலத்து சாயங்காலம் ஒன்று. உனக்கு லேசாகக் காய்ச்சல். அவள் வெள்ளைச் சேலைமேல் நீலக் கார்டிகனைப் போட்டுக்கொண்டு, உன்னைப் பற்றி உன்னிடமே ஒப்பித்துவிட்டு, “எடுத்தாச்சா எய்யா?” என்று கேட்டாள். நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாய். அவள் திரும்பக் கேட்டாள். நீ விரல் இடுக்கு வழியாக, “சொல்ல மாட்டேன். நான் சொல்லாட்டி நீ போவ முடியாதுல்லா?” என்றாய். நான் உன்னைத் தூக்கப் போனேன். அவள் தடுத்துவிட்டாள். “இருக்கட்டும். அவன் சொல்லுதது வாஸ்தவம்தான்” என்று நிலைப்படியில் உட்கார்ந்தாள். ஒரு பஸ் போயிற்று. அவள் உன்னைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அங்க ஒரு அக்கா காலையிலேருந்து நின்னுக்கிட்டு இருக்கா. அம்மா போனாத்தான் அந்த அக்கா அவ வீட்டுக்குப் போவா. அவளுக்கும் பிள்ளை இருக்கு” என்றாள். நீ கையை எடுத்தாய். அழுதுகொண்டே சொன்னாய். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கினாள், உனக்குத் தெரியாது. மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன்.

உன் அம்மாவை எப்போதும் டியூட்டியும் பொறுப்புமாக எழுதிவைத்தால் அவள் கோபித்துக்கொள்வாள். வாரமெல்லாம் வெள்ளை கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணைப் பறிக்கிற நிறம் வேண்டும். கிளிப்பச்சையில் கத்தரிப்பூ பார்டர் போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு சரோஜினி நகர் மார்க்கெட்டில் அவள் நடந்தால் நான் நாலடி தள்ளித்தான் நடப்பேன். அவளுடைய இந்தி முழுவதும் வார்டில் கற்ற இந்தி. வலி எங்கே, நாக்கை நீட்டு, மூச்சை இழு, இதற்கு வெளியே அவளுக்கு அதிகம் தெரியாது. அதை வைத்துக்கொண்டே பேரம் பேசுவாள். ஒரு துணிக்கடைக்காரன் உனக்கு எடுத்த சட்டையின் விலையைச் சொல்லிவிட்டுக் கத்தியபோது, “பையா, லம்பா சாஸ் லோ” என்றாள், ஆபரேஷனுக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல. அவன் நிஜமாகவே நீளமாக மூச்சை இழுத்துவிட்டான். அப்புறம் சிரித்துவிட்டு, “அச்சா சிஸ்டர்ஜி, லே ஜாவோ” என்று அவள் சொன்ன விலைக்கே கொடுத்தான். அந்தச் சட்டையை நீ மூன்றாம் வகுப்பு முழுக்கப் போட்டுக் கிழித்தாய்.

எண்பத்து நாலு நவம்பர் கலவரத்தை நீயும் மறந்திருக்கமாட்டாய். காலை டியூட்டிக்குப் போனவள் அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பஸ் இல்லை, வெளியே கர்ஃப்யூ, வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் புகை. நீயும் நானும் பால்கனியில் நின்று ரிங் ரோடு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாய், நான் சாவியை ஒளித்துவைத்தேன். அன்றைக்கும் இதே கதிதான் எனக்கு. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் ஒரு ஆஸ்பத்திரி வண்டி அவளை மார்க்கெட் முனையில் இறக்கிவிட்டது. கால் வீங்கி, செருப்பு நுழையாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நான் பயந்துபோயிருந்ததால் கத்தினேன். உனக்கென்று ஒரு வீடு இல்லையா, யாரிடமாவது சொல்லிவிட்டு முன்னாலேயே வரக்கூடாதா என்று. அவள் சத்தம் போடாமல் சொன்னாள்.

“வீட்டுல நீங்க இருக்கிய, செல்வா இருக்கான். அங்க யாரு இருக்கா? சார்ஜ் எடுக்க ஆளு வராம வார்டை விட்டு எப்படி வர?”

அவள் அந்த வார்டில் என்ன பார்த்தாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. உட்கார்ந்ததும் முதல் வேலையாக உன் தலை, முகம், கை, கால் எல்லாம் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னை. அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்கு சுகர் என்று கண்டுபிடித்தார்கள். அதாவது அவள் கண்டுபிடித்தாள், டாக்டர் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் பேஷண்ட் நான்தான். நீ காலேஜிலிருந்து வந்ததும், நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருக்க, நான் இல்லாததுபோல உங்கள் இரண்டு பேர் பேச்சு நடக்கும். “தலை சுத்துதுன்னு காலையில ஒருக்க சொன்னாரு. கண்ணாடி மாத்தணும், கேக்க மாட்டேங்காரு. வாய் உலருதான்னு பாரு. சாப்பாட்டுக்கு முந்தி மாத்திரை. கால் பெருவிரல்ல செருப்பு கடிச்சிருக்கு, ராத்திரி கழுவித் தொடைச்சுப் பாரு. இனிப்புப் பக்கம் விடாத.” நீ மீசை முளைத்த பிறகும் அதே சல்யூட்டை வைத்து, “எடுத்தாச்சு சிஸ்டர், நீங்க போலாம்” என்பாய். பிறகு அவள் தெரு திரும்பியதும் எனக்கு ஒரு துண்டு பர்ஃபி கொடுப்பாய். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டுப் போவாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த சில வாரத்திலிருந்து அம்மாவுக்குக் காலையில் ஒரு தவிப்பு வருகிறது. பகலெல்லாம் அமைதியாகத்தான் இருப்பாள். பச்சையம்மா உடம்பு துடைத்துத் தலை சீவிவிட்டுப் போனதும், பள்ளிக்கூட வண்டிகள் ஹாரன் அடிக்கிற நேரத்தில், என்னைப் பார்த்து ஆரம்பிப்பாள். ம், ம் என்று ஏற்ற இறக்கமாகச் சத்தம். இடது கையைத் தூக்கி என் தலையைத் தொடுவாள். கண்ணாடியைப் பிடித்து இழுப்பாள். வாயில் விரலை வைப்பாள். என் வயிற்றில் தட்டுவாள். அப்புறம் எட்டிக் கீழே பார்ப்பாள், வாசல் கதவைப் பார்ப்பாள். எனக்கு விளங்காது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியில் களைத்து, கண்ணில் நீர் வழிய, முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இதற்கு நான் செய்த வைத்தியமெல்லாம் கேள். வயிற்றில் தட்டுகிறாளே, பசிக்கிறது என்று கஞ்சி கொடுத்தேன். வாயில் விரல் வைக்கிறாளே என்று தண்ணீர் கொடுத்தேன். கண்ணாடியை இழுத்தால், வேதப்புத்தகம் வாசிக்கச் சொல்கிறாள் என்று உரக்க வாசித்தேன். அவள் பாவம், ஆண்டவருக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். டாக்டர் வந்து தூக்க மாத்திரை கொடுத்தார். அந்தத் தூக்கத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டு கையைத் தூக்கினாள், அதைப் பார்க்கச் சகிக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். கதவைக் கதவைப் பார்க்கிறாளே, டியூட்டிக்குப் போகவேண்டும் என்கிறாளோ என்று தோன்றிய அன்றைக்கு, பெட்டியிலிருந்து அவள் வெள்ளைச் சேலையை எடுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து அவள் மடியில் வைத்தேன். ஆயுளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே இஸ்திரி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். “என்ன வேணும்னு சொல்லேன், ஜெயமணி” என்று அழுதேன். பேச்சு வராதவளிடம்தான் அப்படிக் கேட்டேன். பச்சையம்மா கதவோரம் நின்று, “அழுவாதீங்க சார், அம்மா என்னமோ கணக்கா சொல்லுது, நமக்குத்தான் வெளங்கல” என்றாள்.

போன வாரம் ஒரு காலை பச்சையம்மா வரவில்லை. எல்லா வேலையும் நானே தட்டுத்தடுமாறிச் செய்ததில் சாப்பாடும் மாத்திரையும் தவறிப்போய்விட்டன. தலை சுற்றியது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் ஆரம்பித்தாள். தலையைத் தொட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது, தலை சுற்றுவது எனக்கு. கண்ணாடி, அதுவும் என்னுடையது. உதட்டில் விரல் வைத்தாள், உலர்ந்திருந்தது என் வாய்தான். வயிற்றில் தட்டினாள், சாப்பிடாதவன் நான். பிறகு எட்டிக் கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். என் பெருவிரலில் செருப்பு கடித்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கிற புண், நான் மறந்தே போயிருந்த புண், அதைத்தான் அவள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தலையிலிருந்து கால்வரை. செல்வா, அவள் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலை டியூட்டி மாறுகிற நேரத்துக்குத் தினம் தினம் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை, நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறேன்.

பழைய வழக்கப்படி, “எடுத்தாச்சு, நீ போ” என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். இல்லை என்று தலையை அசைத்தாள். என் நெஞ்சில் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். அவள் ஒப்படைக்கிற பேஷண்டே நான்தான். பேஷண்ட் எப்படிச் சார்ஜ் எடுக்கமுடியும்? பிறகு சுவரோரம் மடக்கி நிறுத்தியிருக்கிற உன் கட்டிலைக் காட்டினாள். கதவைக் காட்டினாள். “செல்வாவா?” என்று கேட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி பார்க்கிற இடத்தில். அப்படியே பிடித்துக்கொண்டு கிடந்தாள். அன்றைக்கு அதற்குமேல் தவிக்கவில்லை. மறுநாள் காலை திரும்பவும் ஆரம்பித்தாள்.

இப்போது தெரிகிறதா, நீ வந்து என்ன செய்வாய் என்று? உன் அம்மாவுக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னது உண்மைதான். நீ வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவள் சொல்வதைத் தலையிலிருந்து கால்வரை கேட்டுக்கொண்டு, என்னை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் உன் வேலை.

இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை, எழுத முடியவில்லை. சார்ஜ் எடுத்துக்கொள்ள ஆள் வந்துவிட்டால் நர்ஸ் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அவளுக்கு எவ்வளவு களைப்பு என்று எனக்குத் தெரியாதா? முதுகில் புண் வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு வாய் கஞ்சி இறங்குவதற்குள் மூச்சு வாங்குகிறது. அவள் எதற்காக இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் அவளை நிற்க வைத்துக்கொண்டிருப்பது நியாயமே இல்லை. ஆனால் நீ வந்து அந்த வார்த்தையைச் சொன்னால்? நான் அப்புறம் எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன்? ஒரு நாள் உனக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொள்கிறேன். மறுநாள், அவனுக்கு எதற்கு அலைச்சல் என்று கழற்றிப் போடுகிறேன். உன்னை வா என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. நேற்று நீயே கேட்டுவிட்டாய். இனி ஒளிக்க முடியாது.

லீவு கேள். கிடைத்ததும் கிளம்பி வா. காலையில் வந்து சேருகிற மாதிரிப் பார்த்துக்கொள், அவள் காத்திருக்கிற நேரம் அதுதான். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நேராக அவளிடம் போ. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அவள் சொல்வதையெல்லாம் கேள். என் பெருவிரல்வரை வந்ததும் உன்னைப் பார்ப்பாள். நீ அதைச் சொல்லத்தான் வேண்டும், சல்யூட்டோடு சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டுவிடாதே.

ஆனால் எய்யா, உடனே சொல்லிவிடாதே. சின்ன வயசில் ஒருநாள் செய்தாயே, அதைப்போல ஒரு பஸ் போகிற நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இரு. உனக்காக இல்லாவிட்டாலும் எனக்காக.

அப்பா